பீமீல் சுட்ட கைகள்

ரொறன்ரோவில் உலகத்துச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். அது இந்த நகரத்தின் பெருமை. ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரின் பெயரோடு சேர்த்துச் சொல்லும்படி இருக்கிற சாப்பாடு எது என்று யாழ்ப்பாணத்திலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற உறவினர்கள் கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது பீமீல் பேக்கன் சாண்ட்விச். கேட்டவர்கள் முகத்தில் முதலில் ஏமாற்றம்தான் தெரியும். பேக்கன் என்றதும் அவர்களுக்கு நினைவு வருவது கொழுப்பும் சதையும் வரிவரியாக ஓடுகிற, புகையூட்டிய, பொரித்தால் சுருண்டு நொறுங்குகிற மெல்லிய துண்டு. அதைத் தின்ன கனடாவுக்கு எதற்கு வரவேண்டும் என்று நினைப்பார்கள். நியாயம்தான். ஆனால் இது அதுவல்ல.

பன்றியின் முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. அந்தக் கட்டியை எடுத்து, மேலே இருக்கும் கொழுப்பை மெல்லிய படலமாக மட்டும் விட்டுச் சீவி, உப்பும் இனிப்பும் கலந்த நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு மஞ்சள் சோள மாவில் உருட்டி எடுப்பார்கள். அதுதான் பீமீல் பேக்கன். புகையில் காட்டுவதே இல்லை. கடையில் வாங்கும்போது அது பச்சை இறைச்சி. சமைத்துத்தான் உண்ண வேண்டும். அமெரிக்கர்கள் 'கனடியன் பேக்கன்' என்று வட்டவட்டமாக வெட்டி பீட்சாவின் மேல் போடுவது ஏற்கெனவே புகையூட்டி வேகவைத்த வேறொரு சரக்கு. இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் நான் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசிவிடுவேன்.

பீமீலைக் கால் அங்குலத் தடிப்பில் வெட்டி, சூடான இரும்புக் கல்லில் போட்டால் உள்ளே சாறு நிற்கும்; ஓரத்துச் சோள மா பொன்னிறமாகி, அப்பத்தின் கரை போல முறுகும். அப்படிச் சுட்ட நாலைந்து துண்டுகளை அடுக்கி, மேலே சொரசொரப்பும் உள்ளே மென்மையும் உள்ள கைசர் பணிஸ் என்ற வட்ட ரொட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். விருப்பமானவர்கள் மஸ்டர்ட் பூசிக்கொள்ளலாம். அவ்வளவுதான். தக்காளி வேண்டாம், சீஸ் வேண்டாம். முட்டை வைத்துத் தருகிற கடைகள் உண்டு. அது காலைப் பசிக்கு நல்லதுதான் என்றாலும், முட்டையின் மஞ்சட்கரு அந்த உப்பையும் இனிப்பையும் மூடிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இதன் கதை 1854-ல் இங்கிலாந்திலிருந்து ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்து வந்த வில்லியம் டேவிஸ் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. செயின்ட் லாரன்ஸ் சந்தையில் கடை போட்டு இறைச்சி விற்றவர் அவர். உப்பிட்ட பன்றி இறைச்சியைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார். வழியில் கெட்டுப்போகாமல் இருக்க, உலர்ந்த மஞ்சள் பட்டாணியை அரைத்த மாவில் இறைச்சியை உருட்டி அனுப்பினார் என்றும், பீமீல் என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்றும் இந்த ஊரில் சொல்வார்கள். பட்டாணி மாவின் இடத்துக்குச் சோள மா வந்தது முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான். பெயர் மட்டும் மாறவில்லை.

டேவிஸின் வியாபாரம் எந்த அளவுக்கு வளர்ந்தது என்பதை இன்று கற்பனை செய்வது கடினம். டொன் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பெரிய ஆலை. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் பன்றிகள் அங்கே இறைச்சியாயின. பிரிட்டிஷ் பேரரசிலேயே மிகப் பெரிய பன்றி இறைச்சி நிறுவனம் என்று பெயர் எடுத்தது. ரொறன்ரோவுக்கு 'ஹாக்டவுன்', அதாவது பன்றி நகரம், என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இந்த ஆலையையும் காரணமாகச் சொல்வார்கள். 1927-ல் டேவிஸ் நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து கனடா பேக்கர்ஸ் ஆனது. நகரம் பளபளப்பான கண்ணாடிக் கட்டடங்களாக மாறிய பிறகும் பன்றி அதைவிட்டுப் போய்விடவில்லை. டெகம்சே வீதியில் 2014 வரை ஒரு பன்றி வெட்டும் ஆலை இயங்கியது. கோடைகாலத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். சுவையைப் பேசுகிறவர்கள் அந்த வாடையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நகரத்தின் செல்வத்தில் ஒரு பகுதி, ரத்தமும் உப்புமாக நின்று வேலை செய்தவர்களின் கையிலிருந்து வந்தது.

கையைப் பற்றிச் சொன்னால் எனக்கு அப்பாவின் கைதான் வரும்.

1983-க்குப் பிறகு இங்கே வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை உணவகக் குசினியில்தான் கிடைத்தது. ஊரில் ஆசிரியராக இருந்தவர், வங்கியில் இருந்தவர், கடை வைத்திருந்தவர், படிப்பை முடிக்காமல் ஓடிவந்தவர் எல்லோரும் வரிசையாகக் கோப்பை கழுவினார்கள். கோப்பை கழுவியவர் சில மாதத்தில் வெங்காயம் வெட்டுவார். வெங்காயம் வெட்டியவர் ஒருநாள் சமையற்காரர் வராதபோது அடுப்பில் நிற்பார். அதன்பிறகு அந்த இடம் அவருடையது. ரொறன்ரோவில் ஒரு காலத்தில் இத்தாலிய உணவகமோ, பிரெஞ்சு உணவகமோ, எதுவானாலும் உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு தமிழ் முகம் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வது மிகை அல்ல.

எங்கள் அப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். 1980-களின் பிற்பகுதியில் தனியாக வந்து சேர்ந்தார். நகர மையத்தில், காலைச் சாப்பாட்டுக்குப் பேர்போன ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போய், இரண்டாவது குளிர்காலத்துக்குள் இரும்புக் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார். நாங்கள் வந்தபோது குடியிருந்தது செயின்ட் ஜேம்ஸ் டவுனில். வெலஸ்லி வீதியில் அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கிற இடம். எங்கள் மாடியில் மட்டுமே பல தமிழ்க் குடும்பங்கள். விடிகாலையில் லிஃப்டில் இறங்குகிற ஆண்களில் பாதிப்பேர் குசினி வேலைக்காரர்கள். சுரங்க ரயில் ஓடத் தொடங்கும் முன்பே வேலைக்கு நிற்க வேண்டும் என்பதால் இரவு பஸ்ஸில் போவார்கள். பனி கொட்டுகிற நாளில் ஒருவர் பஸ் தரிப்பிடத்தில் நிற்க, மற்றவர்கள் வாசலுக்குள் நின்று பஸ் வருகிறதா என்று பார்ப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அந்தக் கல்லில் அப்பா தினமும் சுட்டது முட்டை, உருளைக்கிழங்கு, பீமீல். காலை ஆறரைக்கு முதல் ஆள் வந்து உட்காரும் முன் ஒரு நீளக் கட்டியை முழுதாகத் துண்டுபோட்டு வைத்துவிட வேண்டும். கட்டியின் இரண்டு முனைகளிலும் வருகிற துண்டு ஒழுங்கான வடிவில் இருக்காது. ஒரு பக்கம் முழுக்கச் சோள மா அப்பியிருக்கும். அதைச் சாப்பிட வந்தவர்களுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் சுட்டால் அதுதான் மற்றெல்லாவற்றையும்விட நன்றாக முறுகும். அப்பா அதை எடுத்துவைத்துச் சுட்டு, பின்னால் கோப்பை கழுவுகிற தம்பிமாருக்குக் கொடுப்பார். அந்தத் தம்பிமாரில் ஒருவர் இப்போது மார்க்கம் நகரத்தில் சொந்தமாக உணவகம் நடத்துகிறார். கல்யாண வீடுகளில் அப்பாவைக் கண்டால், "அண்ணை, அந்த முனைத்துண்டு இல்லாவிட்டால் அந்தக் குளிர்காலத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன்" என்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதைப் பற்றிப் பேச்சு என்று புரியாது.

வீட்டில் நிலைமை வேறு. அம்மா சைவ சமயக் குடும்பத்துப் பெண். வெள்ளிக்கிழமை மரக்கறி, மற்ற நாள்களில் மீனும் ஆட்டிறைச்சியும் என்று வளர்ந்தவர். பன்றி என்பது அவருடைய அடுப்பின் எல்லைக்கு வெளியே இருந்தது. அப்பா வேலையால் வந்ததும் அந்த உடுப்பைக் கழற்றி ஒரு பையில் கட்டி வாசற்பக்கம் வைத்து, குளித்துவிட்டுத்தான் சாமிப் படம் இருக்கிற அலமாரிப் பக்கம் போகவேண்டும். இதில் கோபம் எதுவும் இல்லை. அந்தப் பையில் இருந்த பன்றிக் கொழுப்பு வாடைதான் எங்கள் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கும் வீட்டு வாடகைக்கும் காசு என்பது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். அந்த உடுப்பை இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுத் துவைத்ததும் அவர்தான்.

"வெளியில் சாப்பிடுகிறவர்கள் வெளியில் சாப்பிடட்டும். என் சட்டிக்குள் அது வேண்டாம்."

அம்மா சொன்ன ஒரே சட்டம் அதுதான். அந்தச் சட்டத்துக்குள் இருந்த இடைவெளியில்தான் எங்கள் சனிக்கிழமைகள் நடந்தன.

அப்பாவுக்குச் சனிக்கிழமை ஓய்வு கிடைக்கிற வாரங்களில் அண்ணாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு மீன் வாங்கப் போவார். பாராளுமன்ற வீதி என்று அப்பா தமிழில் சொல்கிற பார்லமென்ட் வீதியில் 65-ஆம் இலக்க பஸ் ஏறினால் நேரே தெற்கே கொண்டுபோய் விடும். இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் செயின்ட் லாரன்ஸ் சந்தை. 1803-லிருந்து அந்த இடத்தில் சந்தை கூடுகிறது. இப்போது நிற்கும் தெற்குக் கட்டடத்தின் முன்பகுதி 1845-ல் நகரசபையாகக் கட்டியது. நகரசபை வேறிடம் போனபின் அதைச் சுற்றிச் சந்தைக் கூடத்தை எழுப்பினார்கள். 2012-ல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதை உலகத்தின் முதல்தரமான உணவுச் சந்தை என்று எழுதியபோது ஊரே கொண்டாடியது. எங்களுக்கு அது அதற்கு வெகுமுன்பே அப்படித்தான்.

உள்ளே போனதும் முதலில் முகத்தில் அடிப்பது குளிர்ந்த மீன் வாடை. அப்பா மீன்காரரிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுவார். சிவப்பாக இருந்தால்தான் அம்மா ஒப்புக்கொள்வார். மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, யாரும் எதுவும் சொல்லாமலே எங்கள் கால்கள் கரோசல் பேக்கரிப் பக்கம் திரும்பும். பியான்கோலின் சகோதரர்கள் பல பத்தாண்டுகளாக நடத்திய கடை அது. பீமீல் பேக்கன் சாண்ட்விச் என்றால் ரொறன்ரோக்காரர்கள் கைகாட்டுவது அங்கேதான். எப்போதும் வரிசை. வரிசையில் கட்டட வேலைக்காரர், கையில் குழந்தையோடு தாய், முதல்நாள் இரவு முழுதும் தூங்காத இளைஞர், புகைப்படம் எடுக்கிற சுற்றுலாப் பயணி எல்லோரும் நிற்பார்கள்.

அண்ணாவும் நானும் சாண்ட்விச்சைப் பார்ப்போம். அப்பா கல்லைப் பார்ப்பார். அங்கே சுடுகிறவர் தட்டகப்பையால் துண்டுகளை எப்படித் திருப்புகிறார், எத்தனையைப் போடுகிறார், எந்த இடத்தில் சூடு கூட என்று அவர் கண் ஓடும். துண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி விட்டு வைத்திருப்பதைக் காட்டி, "நெருக்கிப் போட்டால் தண்ணீர் விடும், தம்பி. பிறகு அது அவியும், முறுகாது" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். ஒரு தடவை சுடுகிறவர் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முன்கையில் எண்ணெய் தெறித்த வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அவருடைய கையிலும் அதே புள்ளிகள். அவர் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பணிஸில் இன்னொரு துண்டைச் சேர்த்து மடித்துத் தந்தார். அப்பா தலையசைத்தார். தொழில்காரர்கள் இருவர் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கட்டடத்துக்கு வெளியே வாங்குகளில் உட்கார்ந்து சாப்பிடுவோம். குளிர்நாளில் கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும்; ஆனால் காகிதத்துக்குள் பணிஸ் சூடாக இருக்கும். முதல் கடியில் பணிஸின் மேல்தோல் உடையும், பிறகு உப்பு, அதற்குப் பின்னால் மெல்ல ஓர் இனிப்பு, கடைசியில் மஸ்டர்ட் மூக்கில் ஏறும். அப்பா ஒருபோதும் வேகமாகச் சாப்பிட மாட்டார். வேலை நாள்களில் அவர் நின்றுகொண்டு, கல்லைப் பார்த்தபடி, இரண்டு நிமிடத்தில் விழுங்குகிறவர். சனிக்கிழமை மட்டும் அவர் உட்கார்ந்து, வேறொருவர் சுட்டதைச் சாப்பிட்டார். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது நானும் வேலைக்குப் போய் வீடு நடத்துகிற ஆள். அந்தக் கால்மணி நேரம் அவருக்கு எவ்வளவு என்பது தெரிகிறது.

வீட்டுக்குப் போனதும் அம்மா மீனை வாங்கிக்கொண்டு, "எல்லோரும் கையையும் வாயையும் கழுவிவிட்டு வாருங்கள்" என்பார். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டதே இல்லை. மத்தியானம் அந்த மீனில் புளி விட்டுக் குழம்பு வைப்பார்.

2016-ல் அப்போதைய மேயர் ஜான் டோரி பீமீல் பேக்கன் சாண்ட்விச்சை ரொறன்ரோவின் அடையாள உணவாக அறிவித்தார். சில நண்பர்கள் குறைபட்டார்கள். இத்தனை நாட்டவர் வாழும் ஊரில், பன்றி உண்ணாத முஸ்லிம்களும் யூதர்களும் எங்கள் அம்மாவைப் போன்றவர்களும் லட்சக்கணக்கில் இருக்கும் ஊரில், இதுதானா கிடைத்தது என்று. எல்லோரும் உண்ணக்கூடிய ஒன்று அடையாளமாக இருந்தால் நல்லது என்ற அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் என் வாக்கு இந்தச் சாண்ட்விச்சுக்குத்தான். காரணம், இதைச் சுட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். இங்கிலாந்திலிருந்து வந்தவர் தொடங்கிய சரக்கு இது. பிறகு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வெட்டி, ஊறப்போட்டு, உருட்டி, விற்றார்கள். நான் வளர்ந்த காலத்தில் இந்த நகரத்துக் காலை உணவகங்களில் அதைக் கல்லில் திருப்பிப் போட்ட கைகளில் எத்தனையோ கைகள் வல்வெட்டித்துறையிலும் சாவகச்சேரியிலும் பிறந்தவை. அவர்களில் பலர் அதை வாயில் வைத்ததே இல்லை. விரத நாளில் உப்புப் பார்க்காமல், நிறத்தையும் சத்தத்தையும் வைத்தே பதம் கண்டு சுட்டார்கள். நகரத்தின் அடையாளம் என்று எதைச் சொன்னாலும், அதில் இவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று நான் கேட்பேன். இதில் இருக்கிறது.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அண்ணா ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறார். அங்கே பின்வளவில், மீன் பொரிக்கவென்று வைத்த எரிவாயு அடுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வெளியே என்பதால் அம்மாவின் சட்டம் மீறப்படுவதில்லை. கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதில் கனமான வார்ப்பிரும்புத் தாச்சியை ஏற்றுவார். அண்ணாவின் மகன் பக்கத்தில் நிற்பான். துண்டைக் கையில் எடுத்து, ஓரத்துக் கொழுப்பில் கத்தி நுனியால் இரண்டு மூன்று இடத்தில் சின்னதாகக் கீறுவார். கீறாமல் போட்டால் கொழுப்பு சுருங்கி, துண்டு நடுவில் எழும்பி, பாதி சுடும் பாதி சுடாது. கொழுப்புக் குறைந்த இறைச்சி என்பதால் தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும். தீ நடுத்தரம். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். ஒரே தடவைதான் திருப்புவார். அடிக்கடி புரட்டினால் சோள மா உதிர்ந்து தாச்சியில் கருகிவிடும். இறக்கியதும் பணிஸை இரண்டாகப் பிரித்து அதே தாச்சியில் முகம் கவிழ்த்து வாட்டுவார். மேலே இன்னும் கொஞ்ச நேரம் விட்டால்தான் நன்றாக வெந்திருக்கும் என்று நினைத்துக் காயவிடுகிறவர்கள் உண்டு. பீமீல் காய்ந்தால் செருப்புத் தோலாகிவிடும் என்று அப்பா அவர்களைக் கடிந்துகொள்வார்.

அண்ணி அதற்குள் சீனிச் சம்பல் வைப்பார். ஊரில் பேக்கரிகளில் சீனிச் சம்பல் வைத்த பணிஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றும். உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வெங்காயத்தின் இனிப்பும் மாசிக் கருவாட்டின் மணமும் அந்த உப்போடு சேருகின்றன. ஆனால் அது வேறொரு சாப்பாடு. என்னுடையதில் மஸ்டர்ட் மட்டும்தான். அப்பா இரண்டையும் மறுப்பதில்லை. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொன்னதால் பாதிதான் எடுப்பார். அதுவும் எந்தப் பாதி என்று பார்த்து எடுப்பார். அம்மா சற்றுத் தள்ளி, மல்லிகைச் சாடிகளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, தாத்தாவுக்கு இன்னொரு பாதியைக் கொடுத்துவிடாதே என்று பேரனுக்குக் குரல் கொடுப்பார்.

நீங்கள் சுட்டுப் பார்க்க விரும்பினால் ஒரு வேண்டுகோள். பெரிய கடைகளில் துண்டுபோட்டுப் பொதி செய்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். பெரும்பாலும் அது மெல்லியதாக இருக்கும், கல்லில் பட்டதும் காய்ந்துவிடும். சந்தையில் இறைச்சிக் கடைக்காரரிடம் முழுக்கட்டியாகக் கேளுங்கள், ஒரு கிலோ போதும். வீட்டில் நீங்களே கால் அங்குலத் தடிப்பில் வெட்டுங்கள். முனைத்துண்டுகள் இரண்டையும் எறிந்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் அவை இப்போது அண்ணாவின் மகனுக்கு.